அப்பாவுக்காகக் கேட்ட பாத்ரூம் படம்

முடிச்சூர்,
ஞாயிறு மதியம்

அன்புள்ள ஜோஷ்வா,

அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையில் நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், அப்பா மட்டும் இதை ஒத்துக்கொள்ள மாட்டார். கனடாவில் குளிர் ஆரம்பித்திருக்கும், நீ சுகமாயிருக்க தினமும் ஜெபிக்கிறேன். போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்கிறார், அதனால் எழுதுகிறேன்.

பக்கவாதம் வந்து இடது காலை ஊன்ற முடியாமல் போனதிலிருந்து அவரை நான்தான் குளிப்பாட்டுகிறேன். பாத்ரூமை மாற்றிக் கட்டலாம் என்றால், வீட்டை ஆஸ்பத்திரி ஆக்காத ரோஸி என்று கத்துவார். படம் காட்டினால் மனசு மாறும் என்று நீ சொன்னாயே, சொன்னதைப் படமாகப் போட்டுத் தரும் அந்த ஏஐயிடம் முதலில் அழகான பாத்ரூம் வேண்டும், தயவுசெய்து என்று எழுதினேன். மலை உச்சியில் கண்ணாடிச் சுவர், தொட்டியைச் சுற்றி மெழுகுவர்த்தி என்று வந்தது. அப்பா பார்த்துவிட்டு, அங்க கரண்ட் இல்ல போல என்றார். அடுத்து முதியவருக்கான பாத்ரூம் என்று எழுதினேன். எல்லாம் வெள்ளை, கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு வெள்ளைக்காரத் தாத்தா சிரித்துக்கொண்டிருந்தார். அப்பா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார், அன்றைக்குச் சாப்பிடவும் இல்லை.

எதற்கும் இருக்கட்டும் என்று நான் அளவெடுக்கக் கூப்பிட்ட இன்ஜினியர் பெண் உதயா இதைக் கேட்டுவிட்டு, ஆன்ட்டி, அழகு, முதியவர்னு மட்டும் சொன்னா அதுக்குத் தெரிஞ்சதைத்தான் போடும், உள்ள என்னென்ன இருக்கணும், தரை எப்படி, வெளிச்சம் எங்கேருந்து வருது, எங்க நின்னு பாக்குறோம், எது வேணாம், எல்லாத்தையும் எழுதுங்க என்றாள். நான் பாத்ரூம் வாசலிலேயே உட்கார்ந்து எழுதினேன். சின்ன பாத்ரூம், பாதிச் சுவர் வரை வெளிர்பச்சை டைல்ஸ், வழுக்காத சொரசொரப்பான தரை, படி கிடையாது, வெண்டிலேட்டர் வழியாகக் காலை வெயில், துண்டு போடும் கம்பி மாதிரியே தெரியும் கைப்பிடி, மர ஸ்டூல், சிவப்பு பக்கெட், வாசலில் நின்று போனில் எடுத்த போட்டோ போல, மனிதர்கள் வேண்டாம். பக்கெட்டில் பூச்செடி வைத்துக் கொடுத்தது. பக்கெட்டில் தண்ணீர் என்று சேர்த்தேன், சரியாக வந்தது.

அப்பா அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். கதவைக் காணோமே என்றார். உள்ளே நின்று கதவைப் பார்ப்பது போல மாற்றினேன். உள்ள தாழ்ப்பாள்னு எழுது என்றார். எதுக்குங்க, நான்தானே கூட வருவேன் என்றேன். அதுக்குத்தான் என்றார், என்னைப் பார்க்கவில்லை. இத்தனை மாதமாக நான் தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் அவர் ஏன் கண்ணை மூடிக்கொண்டார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது ஜோஷ்வா. சோப்பு எரிகிறது என்று நினைத்து நான் சோப்பை மாற்றிக்கொண்டே இருந்தேன்.

அந்தப் படத்தை வைத்துத்தான் உதயா வேலையை முடித்தாள். நேற்று அப்பா உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தானே குளித்தார். நான் கதவருகில் நின்றேன். ரோஸி, கதவுக்குக் கீழ உன் கால் தெரியுது, போ என்று உள்ளிருந்து சத்தம் போட்டார். போய் இட்லி ஊற்றினேன், காது மட்டும் அங்கேயே இருந்தது. வெளியே வந்தபோது அவர் காதுக்குப் பின்னால் சோப்பு நுரை அப்படியே இருந்தது. நான் இட்லித் தட்டை எடுத்து வைத்தேன்.

கர்த்தர் உன் கூடவே இருந்து காக்கட்டும், வேளைக்குச் சாப்பிடு. அந்தத் தாழ்ப்பாளை வெளியிலிருந்தும் திறக்கலாம், உதயா அப்படித்தான் போட்டிருக்கிறாள். போனில் அப்பாவிடம் உளறிவிடாதே.

ஆசீர்வாதங்களுடன்,
அம்மா
ரோஸி ஆல்வின்