பம்பு வைத்த கதையும் அப்பாவின் வாக்குமூலமும்

அன்புள்ள வாலுக்கு,

அப்பா எழுதுவது. நான் நலம், உன் அம்மா என்னைவிட நலம், வீட்டுக் குழாய்கள் எங்கள் இருவரையும்விட நலம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நேற்றுத்தானே போனில் அரை மணி நேரம் பேசினோம், இதென்ன புதிதாகக் கடிதம் என்று நீ புருவத்தைத் தூக்குவது இங்கிருந்தே தெரிகிறது. கையால் எழுது, பேனாவால் எழுது, ஒன்றையும் மறைக்காமல் எழுது என்று மேலிடத்து உத்தரவு. மேலிடம் யார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. எதற்கு இந்த உத்தரவு என்பதைக் கடைசியில்தான் சொல்வேன். முதலிலேயே சொன்னால் மிச்சத்தைப் படிக்காமல் போனை எடுத்து என்னைத் திட்ட ஆரம்பித்துவிடுவாய்.

உன் அம்மாவுக்கு வலது தோள் இறுகிப்போய் நாலு மாதமாகிறது அல்லவா, பயிற்சி செய்து செய்து கை இப்போது காது வரை போகிறது, அதற்கு மேல் போக மாட்டேன் என்கிறது. என்னைச் சுட்டிக்காட்டித் திட்டுவதற்கு அந்த உயரமே போதும் என்பதால் இல்லறத்தில் ஒரு குறையும் இல்லை. தலைக்குக் குளிப்பதுதான் பெரும்பாடு. கீழ்க் குளியலறையில் இருப்பது வாளியும் குவளையும், குவளையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது, அதனால் நான் மொண்டு ஊற்றினேன். இரண்டு முறை பொறுத்துக்கொண்டாள். மூன்றாவது முறை, "நீங்க செடிக்கு ஊத்தற மாதிரி ஊத்தறீங்க, காதுக்குள்ள பாதி, கழுத்துல பாதி, தலை மட்டும் காஞ்சே கிடக்கு, என் தலையை நானே கழுவணும், அவ்வளவுதான் எனக்கு" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஆனால் துண்டால் முகத்தைக் கொஞ்சம் அதிக நேரம் துடைத்துக்கொண்டாள். மறுநாள் காலை காபியோடு அறிவிப்பு வந்தது: ஞாயிற்றுக்கிழமை பார்லருக்குப் போய்த் தோளோடு வெட்டிக்கொள்ளப் போகிறாளாம். அந்தப் பின்னலை! என் மண்டையில் மிச்சம் இருப்பவற்றை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கூப்பிடலாம், இந்த வீட்டில் முடி என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ள இருப்பது அவள் பின்னல் ஒன்றுதான். சனிக்கிழமைக்குள் வழி பண்ணுகிறேன் என்று மீசையில் கை வைத்துச் சொல்லிவிட்டேன்.

வழி என்னவென்றால் உன் மாடிக் குளியலறை ஷவர். நீ போன பிறகு அந்த அறை ஓட்டை வாளிகளுக்கும் கால் உடைந்த நாற்காலிக்கும் குடியிருப்பாகிவிட்டது. எல்லோரையும் காலி பண்ணி, தரையைத் தேய்த்து, ஷவரைத் திருகினால் ஜலதோஷக்காரன் மூக்கு மாதிரி ஒழுகியது. உனக்குத்தான் தெரியுமே அந்த ஒழுகல். உடனே நான், பிரஷர் இல்லை, பூஸ்டர் பம்பு ஒன்று வைத்தால் தீர்ந்தது என்று தீர்ப்பு வழங்கினேன். எதிர்வீட்டுக் கணக்கு வாத்தியார் வேலை மெனக்கெட்டு மொட்டைமாடிக்கு ஏறி வந்து, தொட்டிக்கும் ஷவருக்கும் எத்தனை அடி என்று நூல் விட்டு அளந்து, காகிதத்தில் ஏதோ பெருக்கி, என் கட்சிதான் சரி என்றார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கணக்கு வாத்தியார் என்னைச் சரி என்றதில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

சனிக்கிழமை காலை பிளம்பர் வந்தார். ஒல்லியான மனிதர், காதில் பென்சில், தண்ணீரை 'அவரு' என்று மரியாதையாகத்தான் சொல்வார். "பம்பு வெச்சா நல்லதுதான் சார், ஆனா முதல்ல லைனைப் பாத்துடலாம், அவரு எங்கயோ நின்னு நின்னு வர்ற மாதிரி இருக்கு" என்றார். நான் விடுவேனா. லைனெல்லாம் என் உள்ளங்கை மாதிரி, தொட்டிக்குப் பின்னால் போக வேண்டாம், அங்கே ஒன்றுமே இல்லை, முன்னாலேயே வையுங்கள் என்றேன். சத்தியமாக மறந்துதான் சொன்னேன், இதை மட்டும் நீ நம்ப வேண்டும். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குழாயை அறுத்தார், பம்பை உட்கார வைத்தார், மேலே வெயில் படாமல் தகரக் கூரை போட்டார். குழாயைத் திறந்தால் தானே ஓடும், மூடினால் தானே நிற்கும் பம்பு. என்னைவிடச் சொல்பேச்சு கேட்கிறது என்று உன் அம்மா சான்றிதழ் கொடுத்தாள்.

ஸ்விட்சைப் போட்டதும் சமையலறையில் முதல் வெள்ளோட்டம். பாத்திரம் கழுவும் தொட்டியில் கரண்டி குப்புறக் கிடந்ததை யாரும் பார்க்கவில்லை. உன் அம்மா குழாயைத் திறந்தாளோ இல்லையோ, தண்ணீர் கரண்டி முதுகில் பட்டு, எகிறி, காலண்டரை நனைத்து, வேடிக்கை பார்க்க வந்த வாத்தியாரின் மூக்குக்கண்ணாடியைக் கழுவி விட்டது. உன் அம்மா கைதட்டினாள், தோள் வலிக்கிறது என்பதையே மறந்து தட்டினாள். நான் தளபதி மாதிரி மாடி ஏறி ஷவரைத் திருகினேன். அதே ஜலதோஷம். மேலே பம்பு மட்டும் ஓடுவதும் நிற்பதுமாக விக்கல் எடுத்துக்கொண்டிருந்தது. உன் அம்மா உடனே பார்லருக்குப் போன் பண்ணி நாளைக்குப் பத்து மணிக்கு இடம் இருக்கா என்று கேட்டாள்.

பிளம்பர், "இப்பவாவது பின்னால போலாமா சார்" என்றார். நானே போகிறேன் என்று வீராப்பாகத் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில் நுழைந்தேன். ஒரு காலத்தில் சர்ரென்று நுழைந்த இடம்தான், இப்போது என் தொப்பை உள்ளே வரச் சம்மதிக்கவில்லை. பிளம்பர் என் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துவிட்டு, தான் உள்ளே போனார். உள்ளே தகரம் உரசுகிற சத்தம் கேட்டது. பிறகு, "சார், இங்க ஒரு வால்வு இருக்கு, முக்கால்வாசி மூடி, கம்பி சுத்தி முறுக்கி வெச்சிருக்கு, பக்கத்துல ஒரு தகரப் பலகை, பச்சை பெயிண்ட்ல 'திறக்காதே'னு எழுதியிருக்கு, யாரு சார் அந்தப் புண்ணியவான்" என்று குரல் வந்தது.

வாலு, அந்தப் பச்சை பெயிண்ட் நம் வாசல் கேட்டுக்கு அடித்ததில் மிச்சம். நீ பத்தாவது படிக்கும்போது ஒரு மணி நேரம் குளிப்பாய், நான் கதவைத் தட்டித் தட்டி விரல் முட்டி தேய்ந்ததுதான் மிச்சம். ஒரு நாள் கோபத்தில் மேலே ஏறி உன் குளியலறைக்குப் போகும் வால்வை இறுக்கி, கம்பி கட்டி, பலகையும் வைத்துவிட்டு இறங்கினேன். இரண்டே வாரம், பிறகு திறந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அதற்குள் உன் குளியல் கால்மணி நேரமாகச் சுருங்கியது, என் தந்திரத்தை நானே மெச்சிக்கொண்டு அப்படியே விட்டேன், விட்டதை மறந்தும் போனேன். அந்த ஒழுகலில் ஷாம்பு போகவில்லை என்றுதானே நீ யாரையும் கேட்காமல் முடியைக் கழுத்தோடு வெட்டிக்கொண்டு வந்து நின்றாய். உன் அம்மா ஒரு வாரம் உன்னோடு பேசவில்லை. நான் நடுவில் உட்கார்ந்து நியாயவான் மாதிரி இரண்டு பேருக்கும் புத்தி சொன்னேன். இதை எழுதும்போது எனக்கே என்னை நாலு சாத்து சாத்த வேண்டும் போலிருக்கிறது.

பிளம்பரிடம் பலகையைக் கீழே கொண்டுவர வேண்டாம் என்று கும்பிடாத குறையாகக் கேட்டேன். "நீங்க போய் ஷவரைப் பாருங்க சார், நான் திறக்கறேன்" என்றார். இஸ்திரி போட்ட பேன்ட்டோடு ஷவருக்குக் கீழே போய் நின்று, திருகியதை மூடாமல் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் திறந்தார். வந்தது பார், வாலு! பதினோரு வருஷக் கோபத்தோடு வந்தது, துருவும் தண்ணீருமாக வாயில் அடித்து, மூச்சு முட்டி, ஷவர் தலை கழன்று என் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டுக் கீழே விழுந்தது. ஓடி வந்த உன் அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள் சிரிக்கிறாள், அப்படி ஒரு சிரிப்பு. பிளம்பர் ஷவரை ஒழுங்காக முறுக்கி மாட்டினார். போகும்போது, "அம்மா, இது உங்க வீட்டுச் சொத்து" என்று பலகையை அவள் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார்.

அவள் பலகையைப் பார்த்தாள். பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த என் மளிகைப் பட்டியலைப் பார்த்தாள். இரண்டிலும் எழுத்துகள் குடித்துவிட்டு வந்தது மாதிரி ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. எப்போது என்று கேட்டாள், சொன்னேன். "முதல்ல குளிச்சுட்டு வரேன், அப்புறம் இருக்கு உங்களுக்கு" என்று துண்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் சொட்டச் சொட்ட வெளியே நின்றேன். அரை மணி ஆயிற்று. முக்கால் மணி ஆயிற்று. உள்ளே தண்ணீர் விழுகிற சத்தத்துக்கு நடுவில் ஏதோ முணுமுணுத்துப் பாடுகிறாள். பழக்க தோஷம், என் கை தானாகக் கதவு வரை போய்விட்டது, முட்டி மடக்கியாயிற்று. அப்படியே நிறுத்தி, கையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பையிலும் தண்ணீர். ஒரு மணி ஐந்து நிமிஷம் கழித்து, தானே தேய்த்து, தானே அலசி, இடது கையாலேயே துண்டைச் சுற்றிக்கொண்டு, புதுசாக முளைத்த மாதிரி வந்து நின்றாள். இந்தக் கடிதம்தான் எனக்குத் தண்டனை. எந்தக் கை அந்தப் பலகையை எழுதிற்றோ அதே கையால் அவளுக்கு எழுதுங்க, முடி வெட்டினதுக்கு ஒரு வாரம் பேசாம இருந்தேனே, நானும் மன்னிப்பு கேட்டதா எழுதுங்க என்றாள். எழுதிவிட்டேன். உனக்கு எங்கள் இருவர் மன்னிப்பும் சேர்த்து.

அப்பாடா, பின்னல் பிழைத்தது என்று நினைத்தாயா, நானும் அப்படித்தான் நினைத்தேன். ஞாயிறு பத்து மணிக்குப் பார்லருக்குக் கிளம்பிவிட்டாள். அதான் ஷவர் வந்துவிட்டதே என்று பின்னாலேயே ஓடினேன். "முடியாம வெட்டிக்கறது வேற, ஆசைப்பட்டு வெட்டிக்கறது வேற, பத்தாவதுல உங்க பொண்ணு வெட்டிக்கிட்டு வந்தப்பவே எனக்குப் பொறாமைதான்" என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டாள். தோளோடு வெட்டிக்கொண்டு, நடக்கும்போது தலையை வேண்டுமென்றே ஆட்டுகிறாள். நன்றாகத்தான் இருக்கிறது, அவளிடம் நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே, விலை ஏறிவிடும்.

வேளைக்குச் சாப்பிடு, தலையை ஈரத்தோடு வைத்துக்கொண்டு வெளியே போகாதே, நூறு வருஷம் சிரித்துக்கொண்டு நன்றாக இரு. நீ குடியிருக்கும் வீட்டில் எந்தக் குழாயாவது மெதுவாக வந்தால், பம்பு வாங்கும் முன் அங்கே முன்பு எந்த அப்பா குடியிருந்தார் என்று விசாரி. தகரப் பலகை இப்போது மாடிக் குளியலறைக் கதவில் ஆணி அடித்துத் தொங்குகிறது, உன் அம்மாதான் தொங்கவிட்டாள், உள்ளே யாராவது குளித்தால் அந்த எழுத்து எனக்குத்தானாம். லீவு கிடைத்ததும் வா. வந்து எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் குளி.

தட்டாத கையோடு,
உன் அப்பா