குடிக்காமல் வைத்த கோப்பை

செப்டம்பர் 8, ஞாயிறு

இந்த வாரப் பட்டியலைச் செயலாளர் மேசையில் வைத்துவிட்டுப் போனார். இன்று பெண்கள் பள்ளியில் தண்ணீர்த் தொட்டி திறப்பு. நாளை இரண்டு துக்க வீடு, ஒரு நிச்சயதார்த்தம். செவ்வாய் மன்றக் கூட்டம். புதன் கால்பந்துக் கோப்பை வழங்கல். வியாழன் பூங்கா திறப்பு. அதன் அடியில் சிவப்பு மையில் இரண்டு கோடு: ஆளுநர் வருகிறார்.

நகராட்சித் தலைவராகி ஆறு வருடம் ஆகிறது. என்ன வேலை என்று யாராவது கேட்டால், கத்தரிக்கோல் பிடிப்பதும் கசப்புக் காபி குடிப்பதும் என்றுதான் சொல்ல வேண்டும். இன்று பள்ளிக் குழாயைத் திறந்தேன். புஸ்ஸென்று காற்று வந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். தலைமை ஆசிரியை பக்கத்தில் வந்து, "கைதட்டி முடிச்சாச்சு தலைவரே, தண்ணி எப்ப வரும்?" என்றாள். நானும் சிரித்து வைத்தேன். வேறு என்ன செய்ய?

பூங்காவுக்கு முந்நூறு நாற்காலி வேண்டும். மேட்டுத் தெருக் கல்யாண மண்டபத்தில் தருகிறார்கள். ஏற்றி வருவது நம் பொறுப்பு.

செப்டம்பர் 10, செவ்வாய்

கூட்டத்தின் நடுவில் ஜிர்யேஸ் வந்து வாசலில் நின்றான். நகராட்சி வண்டிப் பட்டறைத் தலைவன். மாடிப்படி ஏறாத மனிதன், கையில் கிரீஸோடு பழுதுப் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறான்.

"பெரிய லாரி பிரேக்கை மிதிச்சா பஞ்சு மெத்தை மாதிரி போகுது. ரோட்டுல விடாதீங்க. சாமான் திங்கக்கிழமைதான் தலைநகர் அம்மான்லேர்ந்து வரும்."

"வியாழக்கிழமை முந்நூறு நாற்காலியை என் தலையில வச்சுத் தூக்கிட்டு வரவா?" என்றேன். மன்றமே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. குப்பை லாரி ரெண்டு இருக்கே, கழுவித் தர்றேன் என்றான். எவ்வளவு கழுவினாலும் அந்த நாற்றம் போகாது. அதில் ஏறி வந்த நாற்காலியில் ஆளுநரை உட்கார வைப்பதா?

பதிவேட்டைப் பிரித்து என் முன்னால் வைத்து, பேனாவை நீட்டினான். "அப்ப எழுதிக் குடுங்க."

எழுதினேன். 'வியாழன் வரை ஓடட்டும். மெதுவாக.' கீழே கையெழுத்து. இவன் எப்போதும் இப்படித்தான். புது டயரைக் காட்டினாலும் ஓட்டை தேடுவான்.

செப்டம்பர் 12, வியாழன்

காலையில் ஓட்டுநர் தைஸீர் என் கார் பக்கம் வந்தான். "தலைவரே, காலி வண்டியே இழுத்துக்கிட்டுப் போகுது. சுமையோட பள்ளிக்கூடத்து இறக்கத்துல..."

"ரெண்டாவது கியர்ல வாடா. மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி வா."

சிரித்தான். நெஞ்சில் கை வைத்து, தலையை ஆட்டிவிட்டுப் போனான்.

பதினொன்றுக்கு இருபது நிமிஷம் இருக்கும்போது லாரி அந்த இறக்கத்தில் நிற்காமல் வந்து, ஹம்தானின் கோழிக்கடைக்குள் புகுந்துவிட்டது. ஹம்தான் வாசலில் கூண்டு அடுக்கிக்கொண்டிருந்தார். ஆம்புலன்ஸ் கொண்டுபோயிருக்கிறது. உயிர் இருக்கிறது என்கிறார்கள்.

ஆளுநர் வெயிலில் பத்து நிமிஷம் நின்றுவிட்டுப் புறப்பட்டார். உட்கார நாற்காலி இல்லை.

பூங்காவைத் திறந்தேன். செய்தி காதில் விழுந்த பிறகும் நாடாவை வெட்டினேன். ஏன் வெட்டினேன்? கத்தரிக்கோல் கையில் இருந்தது, வெட்டினேன்.

செப்டம்பர் 13, வெள்ளி

ஹம்தான் விடிகாலையில் போய்விட்டார். நாற்பத்தாறு வயது. நான்கு பிள்ளைகள்.

தைஸீர் காவலில் இருக்கிறான். செத்தவர் வீட்டார் விட்டுக்கொடுக்கும்வரை வெளியே வர முடியாது. அவன் சொந்தக்காரர்கள் ஹம்தான் வீட்டுத் தெருப்பக்கம் தலைகாட்டவும் முடியாது. இரண்டு பக்கத்து ஆட்களும் என்னிடம்தான் வந்தார்கள். "அபூ லைத், நீங்க முன்னாடி நடந்தாத்தான் சரி வரும்." ஊரில் யார் வீட்டுச் சண்டையென்றாலும், பெண் கேட்பதென்றாலும், ஜாஹாவாகத் திரண்டு கேட்கப் போகிற பெரியவர் கூட்டத்துக்கு முன்னால் நடக்கிற ஆள் நான்தானே. பழக்க தோஷத்தில் எழுந்து போய்விட்டேன்.

ஐந்து பெரியவர்களோடு ஹம்தானின் அண்ணன் அபூ ராஃபிஃ வீட்டுக்குப் போய், வழக்கப்படி அத்வா என்கிற தவணை கேட்டேன். தைஸீர் ஆட்களின் மீது கை வைக்காமல் இரண்டு வாரம் பொறுக்கச் சொன்னேன்; அதற்குள் ஊரைத் திரட்டி வந்து முறைப்படி மன்னிப்புக் கேட்பதாகச் சொன்னேன். மனிதர் அழுது ஓய்ந்திருந்தார். கொடுத்தார். என்னைக் கட்டிக்கொண்டு திரும்ப அழுதார்.

"நீ வந்தியே அபூ லைத், அது போதும்."

என்னைப் பார்த்துச் சொல்கிறார். என்னைப் பார்த்து!

செப்டம்பர் 15, ஞாயிறு

துக்கத்தின் மூன்றாம் நாள். என் மனைவி உம் லைத் பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டு மத்தியானம் வந்தாள். செருப்பைக் கழற்றவில்லை, அப்படியே நின்றாள்.

"ஹம்தான் பொண்டாட்டி என்னை ஒண்ணு கேட்டா."

"என்ன?"

"'நாற்காலி வந்து சேர்ந்துச்சா, உம் லைத்?'னு கேட்டா. வேற எதுவும் பேசல. அங்க இருந்த அத்தனை பொம்பளைங்களும் என் மூஞ்சியைத்தான் பார்த்தாங்க. அவ எதுக்கு என்கிட்ட அதைக் கேக்கணும்?"

தெரியாது என்றேன். முப்பது வருஷம் கூட இருந்தவளிடம் தெரியாது என்றேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

அந்தப் பெண்ணுக்கு எதுவும் தெரிந்திருக்காது. வயிற்றெரிச்சலில் கேட்டிருப்பாள். நாற்காலி ஏற்றிய வண்டிதானே.

செப்டம்பர் 16, திங்கள்

அம்மானிலிருந்து பிரேக் சாமான் வந்துவிட்டதாம். சொன்னபடி திங்கட்கிழமை.

பட்டறைக்கு நானே இறங்கிப் போனேன். ஜிர்யேஸ் லாரிக்கு அடியில் படுத்திருந்தான். எழுந்திருக்கவில்லை. அவன் காலைப் பார்த்துத்தான் பேசினேன்.

"அந்தப் பதிவேட்டை யார் யார் பார்த்திருக்காங்க?"

"நான் பார்த்தேன். நீங்க பார்த்தீங்க."

"போலீஸ்?"

"இன்னும் கேக்கல. கேட்டா குடுப்பேன். கேக்கலேன்னா அலமாரியில இருக்கும்." ஒரு ஸ்பேனரைத் தடவி எடுத்துக்கொண்டே, "சாவி எப்பவும் ஆணியிலதான் தொங்குது, தலைவரே," என்றான்.

என்ன அர்த்தத்தில் சொன்னான்? எடுத்துக் கிழித்துக்கொள் என்றா? உன் மனசாட்சிக்கு விட்டேன் என்றா? சாவியை எடுத்தேன். பதிவேடு இப்போது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. மன்றத்தில் அன்று சிரித்தவர்கள் எல்லோருக்கும் ஞாபகமறதி வந்துவிட்டது. யாரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

செப்டம்பர் 17, செவ்வாய்

ஆண்கள் பள்ளியில் சாலைப் பாதுகாப்பு வாரம். பேச அழைத்தார்கள். பேசினேன்.

செப்டம்பர் 19, வியாழன்

தைஸீரைப் பார்க்கப் போனேன். தாடி வளர்ந்து, பாதியாக இளைத்திருக்கிறான். கண்ணை மூடினால் கூண்டுகள் நொறுங்கும் சத்தம் கேட்கிறதாம். ஹம்தான் கடையில்தான் அவனும் கோழி வாங்குவான்.

"போலீஸ்ல என்ன எழுதிக் கொடுத்தே?"

"பிரேக் திடீர்னு போயிடுச்சுன்னேன்."

"முன்னாடியே தெரியும்னு சொல்லலையா? என்கிட்ட சொன்னதை?"

"உங்க பேரை எதுக்கு இழுக்கணும் தலைவரே? நீங்க வெளியில இருந்தாத்தான் என்னைக் கொண்டுவர முடியும். நீங்க உள்ள வந்துட்டா எனக்காக அவங்க வீட்டுல காபியைக் குடிக்காம கோப்பையைக் கீழ வச்சு மன்னிப்புக் கேக்க யாரு இருக்கா?"

அவன் அதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். கணக்காகத்தான் சொன்னான். அவன் கணக்கு சரிதான். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவன் வெளியே வருவான். வாயைத் திறந்தால் நாங்கள் இரண்டு பேரும் உள்ளே.

இதைக் கேட்டதும் எனக்குள் ஒரு நிம்மதி வந்ததே — அதைத்தான் எழுத வெட்கமாக இருக்கிறது. வாயை மூடிக்கொள்வதற்கு ஒரு நல்ல காரணம் கிடைத்துவிட்டதே என்ற நிம்மதி. சீ!

செப்டம்பர் 22, ஞாயிறு

தேனீ வளர்ப்போர் சங்கம். முதியோர் கண் பரிசோதனை. ஒரு கல்யாணம் — மன்ஸஃப் விருந்துத் தட்டில் கை வைத்தேன், சோறு இறங்கவில்லை. மாப்பிள்ளையின் அப்பா, "எங்க வீட்டுச் சாப்பாடு பிடிக்கலையா தலைவரே?" என்று பிடித்துக்கொண்டார். வயிறு சரியில்லை என்றேன். எத்தனை பொய்தான் சொல்வது ஒரு நாளைக்கு.

செப்டம்பர் 25, புதன்

உம் லைத்திடம் சொல்லிவிட்டேன். பதிவேட்டை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். என் கையெழுத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"மூணு நாள் அவ பக்கத்துல உட்கார்ந்து, அவ தலையைத் தடவிக் குடுத்தேன்," என்றாள். அப்புறம், "நாளைக்கு அந்த வீட்டுக்கு நீங்க முன்னாடி நடந்து போகப் போறீங்களா?"

பதிவேட்டை மூடி அங்கியின் உள்பையில் வைத்தேன். அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

செப்டம்பர் 26, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

இருநூறு பேர் திரண்டிருந்தார்கள். அபூ ராஃபிஃ வீட்டு வாசலில் பெரிய கூடாரம். எனக்கு முதல் கோப்பை ஊற்றினார்கள். வாங்கி, குடிக்காமல் எனக்கு முன்னால் கீழே வைத்தேன். கேட்டது கிடைத்தால்தான் குடிப்பது வழக்கம். என் கோப்பை காலியானால்தான் மற்றவர்களுக்கு ஊற்றுவார்கள். எழுந்து நின்று தைஸீருக்காகக் கேட்டேன். ஆறு வருடமாகக் கேட்டுக் கேட்டு வாய் தானாகப் பேசுகிறது. நன்றாகத்தான் பேசினேன் போலிருக்கிறது, சிலர் கண்ணைத் துடைத்தார்கள்.

அபூ ராஃபிஃ எழுந்தார். "கடவுளுக்காக விட்டோம். அப்புறம், நடந்து வந்த உங்களுக்காக விட்டோம். தைஸீர் மேல எங்களுக்கு வழக்கில்லை. காபியைக் குடி, அபூ லைத்."

குனிந்து கோப்பையை எடுத்தேன். உதடு வரை கொண்டுபோனேன். முடியவில்லை. திரும்பக் கீழே வைத்துவிட்டேன்.

"அபூ ராஃபிஃ, தைஸீருக்குக் குடுத்ததைத் திருப்பி எடுத்துக்காதீங்க. அதுக்காகத்தான் இவ்வளவு நேரம் வாயைத் திறக்காம இருந்தேன். வண்டியை ரோட்டுல விடாதேன்னு எனக்கு எழுத்துல வந்துச்சு. விடுன்னு கையெழுத்துப் போட்டவன் நான். அவன் அன்னைக்குக் காலையிலயும் வந்து சொன்னான். நான்தான் விரட்டினேன். நாற்காலிக்காக."

அங்கியின் உள்பையிலிருந்து பதிவேட்டை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை. என் பின்னால் இருந்த வரிசையில் யாரோ, "பைத்தியக்காரா, உட்காரு," என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்கள்.

அபூ ராஃபிஃ என் முகத்தையே பார்த்தார். "தைஸீருக்குச் சொன்னது சொன்னதுதான்," என்றார். பிறகு குனிந்து என் கோப்பையை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

"உன்னை நான் கட்டிக்கிட்டேனே," என்றார். "அன்னைக்கு அந்தத் தோளிலே அழுதேனே. கிளம்பு. நீ முன்னாடி உட்கார்ற ஆள் இல்லே. உனக்காக யாராச்சும் நடந்து வரட்டும், அப்புறம் பார்க்கலாம்."

இருநூறு பேருக்கும் நடுவில் தனியாக நடந்து வெளியே வந்தேன்.

செப்டம்பர் 29, ஞாயிறு

பதிவேட்டை விசாரணை அதிகாரியிடம் கொடுத்து, வாக்குமூலம் எழுதிக் கொடுத்தேன். நீதிமன்றம் கூப்பிடும்போது வர வேண்டும். ராஜினாமாக் கடிதத்தையும் அனுப்பிவிட்டேன்.

அக்டோபர் 3, வியாழன்

தைஸீர் வீட்டுக்கு வந்துவிட்டான். கடவுளுக்கு நன்றி. போய்ப் பார்க்க எனக்கு முகமில்லை.

அக்டோபர் 21, திங்கள்

எனக்காக நடந்து போக நாலு பேரைக் கேட்டேன். ஒருவருக்குச் சர்க்கரை ஏறிவிட்டது. ஒருவருக்கு அம்மானில் கல்யாணம். மூன்றாமவர், "கொஞ்சம் ஆறட்டும்" என்றார். நாலாமவர் தொலைபேசியை எடுக்கவில்லை. அவர் மகனுக்குப் பெண் கேட்டுப் போனபோது முன்னால் நடந்தவன் நான்.

தோட்டத்தில் ஆலிவ் பறிக்கிறோம், நானும் உம் லைத்தும். அதிகம் பேசுவதில்லை. ஆனால் ஏணியைப் பிடித்துக்கொள்கிறாள்.

நவம்பர் 14, வியாழன்

காலையில் வாசலில் ஹார்ன். பழைய வாடகை வேன். தைஸீர், மடிப்புக் கலையாத கோட்டில். பின் இருக்கையில் ஜிர்யேஸ், கையை எத்தனை சோப்புப் போட்டுத் தேய்த்தானோ, சிவந்திருந்தது. கூட இன்னும் மூன்று பேர், நகராட்சி ஆட்கள்தான்.

"ஏறுங்க தலைவரே. அபூ ராஃபிஃ கிட்ட வர்றோம்னு சொல்லியாச்சு."

இன்னும் தலைவரே என்கிறான். "முன்னாடி நடக்கிறது யாரு?" என்று கேட்டேன்.

"நான்தான். வேற யாரு இருக்கா?"

கூடாரம் இல்லை. அபூ ராஃபிஃ தன் கூடத்தில் உட்காரச் சொன்னார். நான் கடைசியில், செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். தைஸீருக்கு முதல் கோப்பை ஊற்றினார்கள். அவன் அதைக் கீழே வைத்த விதத்தில் கொஞ்சம் சிந்திவிட்டது. பேசத் தெரியவில்லை அவனுக்கு. "அவரு சொல்லாம இருந்திருக்கலாம், யாருக்கும் தெரிஞ்சிருக்காது," என்றான். "எனக்கு நீங்க குடுத்ததுல பாதியை அவருக்குக் குடுங்க." அவ்வளவுதான் பேச்சு.

அபூ ராஃபிஃ ஜன்னல் பக்கம் பார்த்தார். உள்ளே பெண்கள் பேச்சு நின்றிருந்தது. ஹம்தான் மனைவியும் அங்கேதான் இருந்திருப்பாள்.

"ஒரு வருஷம் தவணை தர்றேன்," என்றார் கடைசியில். "மன்னிப்பு இல்லே, தவணை. ஒரு வருஷம் கழிச்சு வாங்க, என் மனசு எப்படி இருக்குன்னு பார்ப்போம்." பிறகு தைஸீரைப் பார்த்து, குரல் இறங்கி, "நீ குடிப்பா. உன் மேல எங்களுக்கு ஒண்ணும் இல்லே," என்றார்.

தைஸீர் கோப்பையைப் பார்த்தான். என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"அடுத்த வருஷம் வந்து குடிக்கிறேன், பெரியவரே," என்றான்.

அபூ ராஃபிஃ கோபப்படுவார் என்று நினைத்தேன். ஆனால், "சரி, அது இங்கயே இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு வாசல் வரை வந்தார். எனக்குக் கை கொடுக்கவில்லை. வேன் நகரும்வரை நின்றார்.

திரும்பும்போது பள்ளிக்கூடத்து இறக்கம் வந்ததும் தைஸீர் வண்டியை மேலேயே நிறுத்தினான். பிரேக்கை இரண்டு தடவை மிதித்துப் பார்த்தான். ஜிர்யேஸைத் திரும்பிப் பார்த்தான். ஜிர்யேஸ் தலையசைத்த பிறகுதான் இறக்கத்தில் விட்டான்.