அலுமாரிக்காக எழுப்பிய சுவர்

என் கூடப்பிறந்த அருமை நானாவுக்கு,

நான் ஒருநாளும் பார்த்திராத ஒரு பாலைவன ஊரின் மையவாடியில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன். அல்லாஹ் உங்கள் கபுறை விசாலமாக்கி வைக்கட்டும். நெருக்கமான இடம் உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது என்று எனக்குத் தெரியும்.

இங்கே கண்டக்குழியில் சோளகக் காற்று தொடங்கிவிட்டது. பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்கும் வெள்ளைக்காரர்கள் வந்திறங்கிவிட்டார்கள். பக்கத்து வீடுகளின் தகரமெல்லாம் பகல் முழுக்கப் படபடக்கிறது. நம் வட்ட வீட்டைக் காற்று தடவிக்கொண்டு போய்விடுகிறது, சத்தமே இல்லை. "மூல இருந்தாத்தானே காத்து முட்டும்" என்று நீங்கள் தொலைபேசியில் சொன்னபோது, வெயிலில் நின்று நின்று உங்களுக்கு மூளை கலங்கிவிட்டது என்று உம்மாவிடம் சொன்னேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் அசந்தால் போதும், நீங்கள் படமாக அனுப்பிய கட்டடங்களுக்குள் போய்விடுகிறேன். நிமிர்த்தி வைத்த காசு போல ஒன்று. மாடிக்கு மாடி மரம் முளைத்த கோபுரம். சப்பாத்து வடிவத்தில் ஒரு வீடு, அதன் குதிகாலில் வாசல். பாறையைக் குடைந்த வீடுகள், மேலே புறாக்களுக்கும் அறை. நீங்கள் கம்பி கட்டிய அந்தச் சாய்ந்த கட்டடத்தில் நடக்கும்போது என் கால் ஒருபக்கமாக இழுக்கும்.

போன கிழமை தலைகீழ் வீட்டுக்குள் இருந்தேன். கதிரை, மேசை, கட்டில் எல்லாம் முகட்டில் ஒட்டியிருந்தன. நானும் அங்கேதான் ஒட்டிக்கொண்டு தேத்தண்ணி குடிக்கிறேன், ஒரு சொட்டும் சிந்தவில்லை. நீங்கள் அண்ணாந்து பார்த்துச் சிரித்தீர்கள். "நானா, மேல வாங்க" என்றேன். "நீதான் கீழ வரணும் தங்கச்சி" என்றீர்கள். கண் விழித்த பிறகும் கொஞ்சநேரம் எது முகடு, எது நிலம் என்று பிடிபடவில்லை.

நீங்கள் ஏன் அப்படிப்பட்ட வீடுகளாகப் பார்த்துத் தேடினீர்கள் என்று நான் கேட்டதே இல்லை. கேட்காமலே தெரியும். சண்டைக் காலத்தில் மன்னாரிலிருந்து முஸ்லிம்களெல்லாம் விரட்டப்பட்டு, வள்ளத்தில் இங்கே வந்திறங்கியபோது உங்களுக்குப் பத்து வயது. முகாமில் ஓலைக் குடிசைகள் வரிசையாக நின்றன, எல்லாம் ஒரே அளவு, வாசலில் ஒரு இலக்கம். விளையாடிவிட்டு வந்து அடுத்தவர் குடிசைக்குள் நுழைந்து அவர்கள் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்த கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பீர்கள். எதைப் போலவும் இல்லாத ஒரு வீடு வேண்டும் என்பது உங்கள் ஆசை.

என் ஆசை வேறு, நானா. நான் அந்த முகாமிலேயே பிறந்தவள். பள்ளிக்கூடத்தில் "முகாம் புள்ள" என்று என்னைத் தனியாகக் காட்டுவார்கள். எல்லோருடைய வீட்டைப் போலவும் ஒரு வீடு, முன்னால் விறாந்தை, பக்கத்தில் இரண்டு ஜன்னல், அதற்கு மேல் எனக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. இதை உங்களிடம் வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். எனக்காகக் கடல் தாண்டிப் போனவரிடம் எந்த வாயால் சொல்வது?

எங்களுக்குள் கல்யாணச் சீதனமாக வீடு பெண்பிள்ளைக்குத்தானே. வாப்பா மௌத்தான பிறகு அந்தப் பொறுப்பு உங்கள் தலையில் வந்தது. சிமெந்துப் பையைக் கிழித்து, உட்பக்கத்தில் பேனையால் வீட்டைக் கீறி, படம் எடுத்து அனுப்பினீர்கள். பெரிய வட்டமாக ஒரு கூடம். சுற்றிவர அறைகள். கூரையின் நடுவில் கண்ணாடி போட்ட ஒரு ஓட்டை. அது வழியாக வெயில் ஒரு வட்டமாக இறங்கி, காலையிலிருந்து மாலைவரை கூடத்தைக் கடந்துபோகும் என்று எழுதியிருந்தீர்கள். பாலாவியிலிருந்து வந்த மேசன் பாஸ் அந்தப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தங்கச்சி, மூலயே இல்லாம நான் எங்கேருந்து நூல் புடிக்கிறது?"

கடைசியில் நடுவில் ஒரு கட்டையை அடித்து, கயிற்றைக் கட்டி, கட்டிப்போட்ட மாடு மாதிரி அதைச் சுற்றிச் சுற்றி நடந்துதான் அவர் அத்திவாரம் வெட்டினார். ஊரே வந்து பார்த்தது. கூரை ஏறியதும், தண்ணித் தொட்டி மாதிரி இருக்கிறதென்று 'தண்ணித் தாங்கி' என்று பெயர் வைத்தார்கள். இன்றைக்கும் முச்சக்கரவண்டிக்காரரிடம் அப்படிச் சொன்னால்தான் வீட்டு வாசலில் இறக்குவார்.

பிறகு பெண் பார்க்க வருகிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். மாமியாகப் போகிறவர் முதலில் ஆள் விட்டுக் கேட்டது ஒரே கேள்வி: "வட்டச் சுவர்ல அலுமாரிய எப்பிடி வைக்கிறது?" எனக்கு முகம் எரிந்தது. உங்களிடம் கேட்கவில்லை. பாஸைக் கூப்பிட்டு, கூடத்தின் நடுவிலிருந்து மூன்று எட்டுத் தள்ளி, இந்தச் சுற்றிலிருந்து அந்தச் சுற்றுவரை நேராக ஒரு சுவரை எழுப்பச் சொன்னேன். நான்கு நாளில் பூச்சும் காய்ந்தது. அலுமாரி கச்சிதமாக நின்றது. கல்யாணமும் முடிவானது.

வீடியோவில் நான் அந்தச் சுவரைக் காட்டிய நாள் உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? இன்னொரு தடவை காட்டச் சொன்னீர்கள். "நல்லாத்தான் இருக்கு தங்கச்சி" என்றீர்கள். என் கல்யாணத்துக்கு உங்களுக்கு லீவு கிடைக்கவில்லை. அடுத்த நோன்புக்கு வருகிறேன் என்றீர்கள். நோன்புக்கு முன்னால், வேலை முடிந்து அறைக்கு வந்து படுத்தவர் எழும்பவில்லை என்ற செய்திதான் வந்தது. கட்டிய வீட்டுக்குள் நீங்கள் ஒரு தடவைகூடக் கால் வைக்கவில்லை.

அன்றிலிருந்து அந்தச் சுவர் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. மத்தியானம் திரும்பியதும் வெயில் வட்டம் நகர்ந்து வந்து, சுவரில் ஏறி, அலுமாரியின் தலையில் மடிந்து நின்றுவிடும். அதற்கு மேல் அதற்கு வழியில்லை.

போன மாதம் ஒரு வெள்ளைக்காரப் பெண் வீட்டைப் பார்க்க வந்தாள். வீடுகளுக்குப் படம் கீறுவதுதான் அவள் தொழிலாம். கண்ணாடிக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தவள், பார்த்தபடியே பின்னால் நடந்து, சுவரில் பின்மண்டையை இடித்துக்கொண்டாள். கூட வந்த முச்சக்கரவண்டிக்காரர், "இந்தச் சுவர வச்சது யாரெண்டு கேக்குறா" என்றார். "மேசன் பாஸ்" என்று சொல்லிவிட்டேன். அந்த மனிசன்மேல் பழியைப் போட்டுவிட்டு நின்றபோது வெட்கம் பிடுங்கித் தின்றது. அன்றைக்கே என் புருஷனிடம், சுவரை உடைக்கப் போகிறேன் என்று சொன்னேன். இவர் "அலுமாரி?" என்றார். "கடலுக்குள்ள போடுங்க" என்றேன். பாஸுக்கும் சொல்லி அனுப்பினேன்.

அதற்குள்தான் செல்வம் அண்ணன் வந்தார். அங்கே உங்களோடு ஒரே அறையில் இருந்த அதே உடப்பு ஊர் செல்வம் அண்ணன். கோயில் திருவிழாவுக்கு ஊருக்கு வந்தவர், இரண்டு பஸ் மாறி இங்கேயும் வந்தார். கூடத்தில் நின்று வெயில் வட்டத்துக்குள் கையை நீட்டிப் பார்த்தார். நான் தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டுக் கேட்டே விட்டேன்.

"அண்ணன், சுவரக் காட்டின அண்டைக்கு நானாட மனசு நொந்ததா?"

"பொய் சொல்ல மாட்டன் தங்கச்சி. அண்டைக்கு அவன் சாப்பிடேல்ல."

நான் அழுதேன், நானா. அவர் என்னை அழவிட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அடுத்த நாள் காலையில வேலைக்குப் போற பஸ்ஸில என்னை இடிச்சு எழுப்பினான். 'செல்வம், வீடு முழுக்க நான் கீறினது. அந்தச் சுவர் ஒண்டுதான் அவ கீறினது. இப்பதான்டா அது அவட வீடு' எண்டான். சொல்லிச் சிரிச்சான்."

அவர் போன பிறகும் நான் சுவருக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். உங்களுக்காக உடைக்கலாம் என்றிருந்தேன், அந்தக் காரணம் இல்லாமல் போனது. அப்படியே விட்டுவிடவும் மனம் வரவில்லை. இனி இது என் சுவர் என்றால், இதை என்ன செய்வது என்று நான்தானே யோசிக்க வேண்டும்? இவ்வளவு காலமும் வீடென்றால் யாரோ கீறித் தருவது என்றே இருந்துவிட்டேன்.

இன்று காலை அலுமாரியை ஒரு ஓரமாகத் தள்ளினோம். உங்கள் பெட்டியோடு வந்த வேலைச் சட்டையை எடுத்துச் சுவரில் விரித்துப் பிடிக்கச் சொன்னேன். இவர் ஒன்றும் கேட்காமல் பிடித்தார். தோளுக்குத் தோள் அளந்து, இரண்டு பக்கமும் ஒவ்வொரு சாண் கூட்டி, சோக்கால் கோடு போட்டேன். உயரத்துக்குக் கதிரைமேல் ஏறினேன். முகாம் குடிசையிலும் சரி, பிறகு இருந்த வாடகை வீட்டிலும் சரி, தலையைக் குனியாமல் நீங்கள் ஒரு வாசலிலும் நுழைந்ததில்லை. அதனால் உங்கள் தலைக்கு மேல் இன்னும் ஒரு முழம் விட்டேன். வளைவு கோணலாகத்தான் வந்திருக்கிறது. பாஸ் வந்து பார்த்துவிட்டு, "இது என்ன வடிவம் தங்கச்சி?" என்றார். "நான் கீறினது, அப்பிடியே வெட்டுங்க" என்றேன்.

நாளைக்கு வெட்டுகிறார். மத்தியானம் திரும்பினால் வெயில் அந்த வாசலால் மறுபக்கம் போகும். அதற்கு நான் கதவு போடமாட்டேன், நானா. நான் இருக்கும்வரை அதற்குக் குறுக்கே ஒரு கதிரையைக்கூட வைக்கவிடமாட்டேன்.

உங்கள் ஒரே தங்கச்சி