இரண்டு பொத்தான் வைத்த நட்சத்திரம்

டிசம்பர் 3, 1976 – வெள்ளி

மழை. நேற்றுத் துவைத்தது இன்னும் காயவில்லை. எதிர்வீட்டில் கிறிஸ்துமஸுக்குச் சிவப்பு நட்சத்திரம் கட்டிவிட்டார்கள். நம் வீட்டில் இந்த வருஷம் வேண்டாம் என்று இவர் காலையிலேயே சொல்லிவிட்டார். துறைமுகத்தில் மூட்டைக் கணக்குப் பார்க்கிறவர், வீட்டிலும் வார்த்தையை எண்ணித்தான் செலவழிக்கிறார்.

குழந்தை இறந்தே பிறந்து இரண்டு மாதம் ஆகிறது. பெண். நான் முகம் பார்க்கவில்லை. எனக்கு மயக்கம் தெளிவதற்குள் அடக்கம் பண்ணிவிட்டார்கள். இவர் பார்த்தார். எப்படி இருந்தாள் என்று நான் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. குழம்பில் உப்பு குறைவு, மழை வரும்போல – இவ்வளவுதான் இப்போது எங்கள் பேச்சு. கேட்கத்தான் வேண்டும். எப்படிக் கேட்பது?

டிசம்பர் 6

நாசரேத்திலிருந்து கிருபை மதினி வந்தார். இவருடைய அக்கா. முந்திரிக்கொத்து ஒரு டப்பா, ஆறுதல் ஒரு மூட்டை. ஞானஸ்நானத்துக்காக நான் தைத்து வைத்த கவுனை யாருக்காவது கொடுத்துவிட வேண்டுமாம், கண்ணில் பட்டால் மனசு ஆறாதாம். கொடுக்க மாட்டேன் என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். மதினி முகம் சுருங்கிப்போயிற்று. பாவம், நல்ல மனுஷிதான்.

முந்திரிக்கொத்து நன்றாக இருந்தது. அதையும் எழுதிவைக்க வேண்டியதுதானே.

டிசம்பர் 9

கிரேசி வந்தாள். என்னோடு படித்தவள், இப்போது நர்ஸ். என் தலையைப் பார்த்ததும் சீப்பை எடுத்து உட்கார்ந்து சிக்கெடுத்தாள். போகும்போது சொன்னாள்: “தினம் கொஞ்ச நேரம் கையால ஏதாவது செய்யி. சமையல் இல்ல, வீட்டுக்காரருக்கு இல்ல, உனக்கு. கை எங்க இருக்கோ மனசும் அங்கனயே இருக்கட்டும். ஓடிப்போச்சுன்னா திட்டாத, கூட்டிட்டு வா.”

இது எந்த மருந்துக்கடையில் கிடைக்கும் என்று கேட்டேன். முதுகில் ஒரு அடி வைத்தாள்.

டிசம்பர் 11

பின்வீட்டுப் பகவதி அக்காவிடம் பழைய மூங்கில் தட்டி ஒன்று கிடந்தது. கேட்டு வாங்கி வந்தேன். நட்சத்திரம் செய்யப்போகிறேன். கட்டுவதற்கு இல்லை. சும்மா, செய்வதற்கு.

மூங்கிலைக் கீறும்போது வேறு எந்த நினைப்பும் வரவில்லை. வந்திருந்தால் விரல் போயிருக்கும்.

டிசம்பர் 14

ஐந்து முனையில் ஒன்று நொண்டுகிறது. இருக்கட்டும்.

டிசம்பர் 16

பசை காய்ச்சும்போது மனசு ஆஸ்பத்திரிக்கு ஓடிவிட்டது. கூட்டி வந்தேன். மறுபடி ஓடியது. இப்படியே எத்தனை தடவைதான் கூட்டி வருவது? மைதா அடிப்பிடித்துவிட்டது. அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். பிறகு எழுந்து வேறு பசை காய்ச்சினேன்.

டிசம்பர் 19 – ஞாயிறு

வீடு வீடாகப் பாடிப் போகிற கேரல் கோஷ்டியை நடத்துகிற கிருபாநிதி அண்ணாச்சி கோயில் விட்டதும் வீட்டுக்கு வந்தார். எங்கள் சபையில் நட்சத்திரம் எரிகிற வீட்டில்தான் நின்று பாடுவார்கள். துக்க வீடு வந்தால் பாட்டை நிறுத்திவிட்டுச் சத்தமில்லாமல் கடந்துபோவார்கள்.

“இந்த வருஷம் வேண்டாம் அண்ணாச்சி” என்று இவர் சொன்னது உள்ளே எனக்குக் கேட்டது. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டு நம் வாசலைத் தாண்டிப் போவதை நான் எப்படிக் கேட்டுக்கொண்டிருப்பேன்? செத்தவள் செத்தவள்தான். ஆனால் பிறந்தவளும்தானே?

பின்னறையில் கிடக்கிற மூங்கில் கூட்டை இவர் தினமும் தாண்டித்தான் போகிறார். என்னவென்று கேட்கவில்லை.

டிசம்பர் 23

வெள்ளைத் தாள் ஒட்டி முடித்தேன். சுருக்கமே இல்லை. சுற்றிச் சுற்றிப் பார்த்தேன், அத்தனை பெருமை எனக்கு.

அப்புறம்தான் தெரிந்தது. பல்பு போட வழியே வைக்கவில்லை!

சிரித்துவிட்டேன். அடக்க அடக்க வந்தது. அழுகிறேன் என்று நினைத்து இவர் ஓடிவந்தார். விஷயம் தெரிந்ததும், “ஏளா, பல்பை எங்கன போடுவ?” என்று இவரும் சிரித்தார். உடனே, ஏதோ தப்புச் செய்துவிட்டவர் போல நிறுத்திக்கொண்டு போய்விட்டார்.

பின்பக்கம் தாளைக் கிழித்தேன். கிழிசல் பாதி வரை ஓடிவிட்டது. தாள் மிச்சமில்லை.

டிசம்பர் 24

கடைக்குப் போய்த் தாள் வாங்கியிருக்கலாம். போகவில்லை. பெட்டியைத் திறந்தேன்.

வெள்ளை மல் துணி. கவுனின் முதுகில் இரண்டு பொத்தான். திறக்கலாம், மூடலாம். பல்பு போட இதைவிட நல்ல வழி எது? கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். வெட்டினேன். கை அங்கேயே இருந்தது, மனசும் அங்கேயே இருந்தது. கிழிந்த இடத்தில் அந்த முதுகுத் துணியை வைத்து, மூங்கிலோடு சேர்த்துச் சின்னச் சின்னத் தையலாகப் போட்டேன்.

மத்தியானம் இவர் வந்து பார்த்தார். அந்தப் பொத்தான்கள் இவர் தேடிப்பிடித்து வாங்கி வந்தவை.

“இது பாப்பா சட்டைல்லா?”

பாப்பா என்று இவர் சொல்லி இன்றுதான் கேட்கிறேன். ஆமாம் என்றேன். தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் கேட்டேவிட்டேன், எப்படி இருந்தாள் என்று.

“உன் மூக்கு, செல்வி. அப்படியே உன் மூக்கு. சொன்னா நீ தாங்க மாட்டேன்னு நினைச்சேன்.”

இரண்டு பேரும் அழுதோம். அழுது முடித்ததும் பசித்தது, சாப்பிட்டோம். பிறகு இவரே பல்பை உள்ளே வைத்து, பெரிய விரல்களால் இரண்டு பொத்தானையும் தடவித் தடவிப் போட்டார். வாசலில், மழை படாத இடமாகப் பார்த்துக் கட்டினார்.

இருட்டியதும் கேரல் வந்தது. தெருமுனையிலேயே பாட்டை நிறுத்திவிட்டார்கள். எரிகிற நட்சத்திரத்தைப் பார்த்து என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். இவர் கேட் வரைக்கும் போய், “பாடுங்க அண்ணாச்சி” என்றார்.

பாடினார்கள். நானும் வாசலில் நின்று பாடினேன். பாதியில் குரல் போய்விட்டது, மீதியை இவர் பாடினார். சுருதி சேரவே இல்லை.

டிசம்பர் 30

பல்பு போய்விட்டது. நான் சொல்வதற்கு முன்னாலேயே பொத்தானைக் கழற்றி மாற்றிவிட்டார்.

ஜனவரி 6, 1977

நட்சத்திரத்தை இறக்கினோம். நொண்டி முனை கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, அடுத்த டிசம்பரில் இறுக்கிக் கட்ட வேண்டும். கவுனின் மீதித் துணியில் சுற்றி அதே பெட்டியில் வைத்தேன். மூடும்போது, மூக்கு என்னுடையது என்றால் மற்றதெல்லாம் யாரைப் போல என்று கேட்டேன்.

நெற்றி, காது, கால் விரல் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். காபி ஆறிப்போய்விட்டது.