வலமாகச் சுழன்ற காற்று

செப்டம்பர் 8, 2025

நேற்றைய பௌர்ணமிக் கிரிவலக் கூட்டம் இன்னும் கலையவில்லை. கல்லூரி பஸ் செங்கம் ரோட்டில் ஊர்ந்தது.

லேபில் அதே கதை. ஒன்றுக்குள் ஒன்றான இரு குழாய்களிலிருந்து ஒலியை மிஞ்சும் வேகத்தில் காற்று. உள்குழாய்க்கு ஒன்று, வெளிக்குழாய்க்கு ஒன்று என, விளிம்பில் சாய்வுத் துளை போட்ட சுழல் வளையங்கள். காற்று சுழன்றால் வெளிக்காற்றோடு சீக்கிரம் கலந்து அலறல் குறையும். எனக்கு முன் இதே ஆய்வைச் செய்த நண்பன் சகாதேவன் அப்படித்தான் அளந்து காட்டினான். எனக்கோ வீல் என்று கத்துகிறது.

கோடையில் பைக் விபத்தில் போய்விட்டான். அவனுடைய சிவப்புக் காதுக்கவசம் ஆணியிலேயே தொங்குகிறது. இன்று பழக்கத்தில் எடுத்து, "இந்தா" என்று அவன் வழக்கமாக நிற்கும் பக்கம் நீட்டிவிட்டேன்.

செப்டம்பர் 17

கைடு தசரதன் சார் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "வேதா, சகாதேவனோட ரிசல்ட் உனக்குத் திரும்ப வரலைன்னா, அவன் அனுப்பின பேப்பரை வாபஸ் வாங்கிடணும். பையனே நம்பர் போட்டுக்கிட்டான்னு பேசுவாங்க."

அவனா? ஒரு வடை கூடுதலாகத் தின்றால்கூட டீக்கடையில் சொல்லிவிடுகிறவன். செத்தவனைப் பொய்யனாக்க வேண்டுமா? அவன் அம்மாவிடம் யார் போய்ச் சொல்வது?

செப்டம்பர் 22

குளிக்கும்போதும் அந்த அலறல் கேட்கிறது. ஏன்டா, என்னடா பண்ணித் தொலைச்சே?

அக்டோபர் 1

ஆயுத பூஜை. டெக்னீஷியன் மூர்த்தி அண்ணன் குழாய்க்கு முன்னால் நின்று கற்பூரத்தட்டை வலமாகச் சுற்றினார். இடமில்லாமல் நான் குழாய்க்குப் பின்னால், அவருக்கு எதிரே நின்றேன். எனக்குத் தட்டு இடமாகச் சுற்றியது.

சகாதேவன் எதையும் வலமாகத்தான் வைப்பான். "மலையையே வலமாத்தான் சுத்துறோம், வளையம் என்ன ஜாஸ்தியா?" என்பான். உள்வளையத்தைப் பின்னாலிருந்து மாட்டுவான், வெளிவளையத்தை முன்னால் வந்து மாட்டுவான். அவன் கண்ணுக்கு இரண்டும் வலம். காற்றுக்கு ஒன்றுக்கொன்று எதிர்! நான் இரண்டையும் ஒரே பக்கமாகச் சுழல விட்டிருக்கிறேன்.

அக்டோபர் 3

வெளிவளையத்தைத் திருப்பி மாட்டினேன். இரைச்சல் உண்டு, அலறல் இல்லை. அவன் அளவுகள் அப்படியே வந்தன.

"டேய், அடங்கிடுச்சுடா!" என்று ஆணியைப் பார்த்துக் கத்தினேன். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

நவம்பர் 20

வளையங்கள் எதிரெதிராக மாட்டப்பட்டதையும் சேர்த்து எழுதினோம். பேப்பர் ஏற்கப்பட்டது. அவன் பெயர்தான் முதலில்.

அவன் அம்மா காசியம்மாள் கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்தார். பையன் கேட்ட சத்தத்தை ஒரு தரம் கேட்க வேண்டுமாம். கண்ணாடிக் கதவுக்கு இப்பால் உட்கார வைத்தேன். சிவப்புக் கவசத்தை மாட்டிக்கொள்ளாமல் மடியில் வைத்துக்கொண்டார். காற்றைத் திறந்தேன்.

"இவ்ளோதானா கண்ணு? காதே போய்டும்மானு சொல்வானே."

"முன்னாடி அப்படித்தாம்மா. அவன்தான் அடக்கிட்டுப் போயிருக்கான்."

நிறுத்தப்போன என் கையைப் பிடித்தார். "இருக்கட்டும். இன்னும் கொஞ்சம் ஓடட்டும்."

காற்று டேங்க் காலியாகும்வரை ஓடவிட்டேன்.