பின்சீட்டுக்குப் பின்னால் எஞ்சின்

சுசீந்திரம்
14-03-2024

பிரியமுள்ள சுபிதாவுக்கு,

மைனி எழுதுவது. அங்கே குளிர் விட்டதா? ஆஸ்பத்திரியில் வேலை கொஞ்சமாவது குறைந்ததா? வாட்ஸ்அப் இருக்கும்போது இவளுக்கு என்ன கடுதாசி என்று நினைப்பாய். என் போன் பாதி நேரம் உன் அண்ணன் கையில்தான் இருக்கிறது, அந்த வண்டிக்குச் சாமான் தேட. இது அவர் கண்ணில் படக்கூடாத விஷயம். அதனால் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பேச்சிப்பாறை எஸ்டேட்டில் வாங்கினாரே, அந்தப் பழைய பீட்டில் கார். போன ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் அதில் திருநெல்வேலி போனோம். திரும்பும்போது ஆரல்வாய்மொழி காற்றாலைகளுக்கு நடுவில் வண்டி நின்றுவிட்டது. புகை இல்லை, சத்தம் இல்லை. மற்ற கார் என்றால் தண்ணீர் கொதித்து ஆவி வரும், நமக்குத் தெரியும். இதில் தண்ணீரே கிடையாது. காற்றிலேயே குளிர வேண்டிய எஞ்சின், அதுவும் பின்சீட்டுக்குப் பின்னால். நந்தனா அந்த சீட்டில்தான் உறங்கிக்கொண்டிருந்தாள். பதறிப்போய்த் தூக்கினேன். பிள்ளையின் முதுகு சுட்டது. சுபிதா, அந்தச் சூடு இன்னும் என் கையை விட்டுப் போகவில்லை.

உன் அண்ணன் சிரிக்கிறார். "ஒண்ணும் இல்லட்டி, கொஞ்சம் சூடாயிட்டு, அவ்வளவுதான். இதுக்குப் போய் பயப்படுத, நீ சரியான பேடி." மெக்கானிக் ராஜகுமார்தான் உள்ளதைச் சொன்னார். காற்றடிக்கும் ஃபேனின் கூட்டில் விரிசல். எஞ்சினைச் சுற்றி இருக்கவேண்டிய தகடுகளில் பாதியைக் காணோம். அதனால் எஞ்சின் தான் வெளியே விட்ட சூட்டுக் காற்றையே மறுபடி இழுக்கிறதாம். "நல்ல சாமான் கெடைக்காம இத வெளிய எடுக்காதீங்க" என்றார். இப்போது வண்டி ஷெட்டில் நிற்கிறது.

ஜெர்மனி வண்டி என்பதால் அந்தச் சாமான்களை உன்னிடம்தான் கேட்பார். கிடைக்கவில்லை என்று சொல்லிவிடு. உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன். சாமான் இல்லை என்றால் வண்டி ஓடாது, நானும் நிம்மதியாக இருப்பேன். பதிலைப் பள்ளிக்கூட விலாசத்துக்கு எழுது.

அன்புடன்,
ஆதிரா


காஸல், ஜெர்மனி
02-04-2024

அன்புள்ள மைனிக்கு,

உங்கள் கடிதத்தை பஸ்ஸில் வைத்து வாசித்தேன். இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய்விட்டது. நந்தனாவின் முதுகு என்று எழுதியிருந்தீர்களே, அதற்குமேல் எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அண்ணன் ஏற்கெனவே கேட்டுவிட்டான். போன சனிக்கிழமை பழைய கார் சந்தைக்குப் போய் எல்லாம் வாங்கியும் விட்டேன். ஃபேன் கூடு, தகடுகள், இரண்டு பெல்ட். எல்லாம் அந்தக் காலத்து அசல். விற்ற பெரியவர் ஒவ்வொரு தகட்டையும் வெயிலில் பிடித்துத் துரு இருக்கிறதா என்று பார்த்துத்தான் தந்தார். இப்போது என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது.

நேற்று அண்ணன் கூப்பிட்டான். "கெடைக்கல்ல அண்ணா" என்றேன். "போட்டும் மக்கா, நீ கெடந்து அலையாண்டாம்" என்றான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவனிடம் நான் பொய் சொன்னதே இல்லை மைனி. பிள்ளைக்காகச் சொன்னேன். உங்களுக்குப் பயம் தீர்ந்தால் சரி.

உங்கள்,
சுபிதா


சுசீந்திரம்
24-04-2024

பிரியமுள்ள சுபிதாவுக்கு,

நான் பெரிய தப்புப் பண்ணிவிட்டேன்.

"ஜெர்மனியிலயே இல்லன்னா வேற எங்க இருக்கும், நாமளே செஞ்சிருவோம்" என்று உன் அண்ணன் இறங்கிவிட்டார். வீட்டில் கிடந்த டிரங்குப் பெட்டியை வெட்டித் தகடு செய்தார். கூட்டின் விரிசலை ஏதோ பசை வைத்து அடைத்தார். பெல்ட் எங்கே இருந்து தெரியுமா? நெல் குத்தும் மில்லில் இருந்து. "அளவு கச்சிதமா இருக்கு பாரு" என்று என்னிடம் காட்டுகிறார். ராஜகுமார் இதைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அதற்காகவும் உன் அண்ணன் நிற்கவில்லை.

தினமும் அந்த வண்டியில்தான் நந்தனாவை நாகர்கோவிலுக்கு டான்ஸ் கிளாஸ் கூட்டிப்போகிறார். அவர்கள் திரும்பி வரும்வரை நான் வாசலிலேயே நிற்கிறேன். நல்ல சாமான் இல்லையென்றால் ஓட்டமாட்டார் என்று நினைத்தேன். மட்டமான சாமானைப் போட்டு ஓட்டுவார் என்று தோன்றவே இல்லை. அவரோடு பத்து வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன், எனக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா?

இரண்டு நாளாக டாஷ்போர்டில் ஒரு சிவப்பு லைட் விட்டுவிட்டு மினுங்குகிறது. கேட்டால், "அது பேட்டரி சார்ஜ் லைட்டு, அது எரிஞ்சாலும் வண்டி வீடு வந்து சேரும்" என்கிறார்.

கட்டிலுக்கு அடியில் இருப்பதை உடனே அனுப்பு. இப்போதுதான் கிடைத்தது என்று சொல். பள்ளிக்கூடம் லீவு. பியூன் ஆன்ட்ரூஸ் அண்ணன் கடிதத்தை எடுத்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

ஆதிரா


காஸல்
09-05-2024

மைனி,

இன்று காலையில் பார்சல் போட்டுவிட்டேன். இதை நன்றாக வாசியுங்கள்.

அந்தப் பெரியவரை மறுபடியும் தேடிப் போய்ச் சிவப்பு லைட்டைப் பற்றிக் கேட்டேன். அவர் முகமே மாறிவிட்டது. இந்த வண்டியில் பேட்டரியைச் சார்ஜ் பண்ணுவதும் ஃபேனைச் சுற்றுவதும் ஒரே பெல்ட்தான். மினுங்கினால் பெல்ட் தளர்கிறது. நிரந்தரமாக எரிந்தால் அறுந்துவிட்டது. அப்புறம் எஞ்சினுக்குக் காற்று கிடையாது. மற்ற கார்களில் அந்த லைட் எரிந்தாலும் வீடு வரை போகலாம். இதில் ஒரு கிலோமீட்டர்கூடப் போகக்கூடாது, அந்த இடத்திலேயே அணைக்க வேண்டும்.

அண்ணனிடம் போனில் சொன்னேன். "ஒனக்கு ஊசி போடத் தெரியும், வண்டியப் பத்தி என்ன தெரியும்" என்று சிரித்தான். நந்தனா அதில் ஏறினால் நீங்களும் ஏறுங்கள். முன்சீட்டில் உட்காருங்கள். ரோட்டைப் பார்க்க வேண்டாம், அந்த லைட்டைப் பாருங்கள்.

இன்னொன்று. கஸ்டம்ஸுக்காக பார்சலில் பில் வைத்தே ஆகவேண்டும் என்றார்கள். அதில் மார்ச் முப்பது என்று தேதி இருக்கிறது. அண்ணன் பார்த்தால் பார்க்கட்டும். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுபிதா


சுசீந்திரம்
10-06-2024

என் சுபிதாவுக்கு,

நாங்கள் மூன்று பேரும் சுகம். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

மே இருபத்தைந்தாம் தேதி ஆன்ட்ரூஸ் அண்ணன் உன் கடிதத்தைத் தந்தார். மறுநாள் ஆரல்வாய்மொழியில் என் அக்கா வீட்டு விசேஷம். வர மறுத்தால் நந்தனாவை மட்டும் கூட்டிப்போவார், அதனால் ஏறினேன். நீ சொன்னதுபோல் லைட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். போகும்போது ஒன்றும் இல்லை. திரும்பும்போது தோவாளை தாண்டியதும் சிவப்பாக எரிந்தது, அணையவே இல்லை. "நிறுத்துங்க" என்றேன். "இன்னும் பதினஞ்சு கிலோமீட்டர்தான், போயிரலாம்" என்றார். நான் கையை நீட்டிச் சாவியைத் திருப்பிவிட்டேன்.

வண்டியை ஓரங்கட்டிவிட்டு, "ஒனக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கா?" என்று கத்தினார்.

"சுபிதா எழுதியிருக்கா, லைட்டு எரிஞ்சா நிறுத்தணும்னு."

"எங்க எழுதுனா?"

"மொதல்ல பின்னால பாருங்க" என்றேன். இறங்கிப் பின்மூடியைத் திறந்தார். மில் பெல்ட் நார்நாராகக் கிடந்தது. மேலே பெட்ரோல் வரும் ரப்பர் குழாய் சூட்டில் வெடித்து, எஞ்சின்மேல் சொட்டுச் சொட்டாக ஒழுகிக்கொண்டிருந்தது. நந்தனா பின்சீட்டில் உட்கார்ந்து லட்டு தின்றுகொண்டிருந்தாள். உன் அண்ணன் பிள்ளையை அள்ளி எடுத்துக்கொண்டு ஓடினார். ரொம்ப தூரம் தள்ளி ஒரு பிச்சிப்பூத் தோட்டத்து வரப்பில் போய் நின்றார். நான் பின்னாலேயே ஓடினேன். இறக்கிவிடச் சொல்லியும் அவர் பிள்ளையை விடவில்லை. அவர் பயந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

வீட்டுக்கு வந்ததும் கடிதங்களைக் கேட்டார். என் ஹேண்ட்பேக்கில் இருந்த உன் இரண்டு கடிதத்தையும் கொடுத்தேன், நான் எழுதியதையும் வாயால் சொன்னேன். பத்து நாள் என்னோடு பேசவில்லை. பார்சல் வந்ததும் அவரே பிரித்தார். பில்லில் இருந்த தேதியை இரண்டு தடவை வாசித்தார். அப்புறம்தான் பேசினார்.

"ஒரு மாசத்துக்கு மேல இது அங்க கெடந்துருக்கு. நீங்க ரெண்டுபேரும் வண்டியப் பேடிச்சு பொய் சொல்லல்ல. என்னப் பேடிச்சுதான் சொன்னீங்க."

இல்லை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. "நேராச் சொன்னா கேட்டிருப்பீங்களா?" என்றேன்.

"கேட்டிருக்க மாட்டேன்" என்றார்.

ராஜகுமாரை அவரே போய் அழைத்து வந்தார். கூடு, தகடு, பெல்ட், புதுப் பெட்ரோல் குழாய், எல்லாம் மாட்டியாயிற்று. பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தி எவ்வளவு அமுங்க வேண்டும் என்று ராஜகுமார் அவருக்குக் காட்டினார். அவர் என்னைக் கூப்பிட்டு எனக்குக் காட்டினார். இப்போது வண்டி எடுக்குமுன் நான்தான் அழுத்திப் பார்க்கிறேன். எனக்குப் பயம் போய்விட்டது என்று எழுதினால் அது இன்னொரு பொய். ஏறினால் இன்னும் அந்த லைட்டைத்தான் பார்க்கிறேன். அவரும் அதைத்தான் பார்க்கிறார்.

உன்னைக் கூப்பிடவில்லை என்று வருத்தப்படாதே. என்ன பேசுவது என்று தெரியாமல் இருக்கிறார். இந்தக் கவரின்மேல் உன் விலாசம் யார் கையெழுத்து என்று பார். பின்பக்கம் அனுப்புநர் விலாசம் நான் பள்ளிக்கூடத்தைத்தான் எழுதியிருந்தேன். அவர் அதை அடித்துவிட்டு வீட்டு விலாசத்தை எழுதியிருக்கிறார். இனி இங்கேயே எழுது.

உன் மைனி,
ஆதிரா