ஒரு 'ங்க'வில் ஏமாந்தவர்கள்

நீ அன்று எடுத்த போட்டோவை இன்று காலை காங்கேயம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். கல்யாண பிளெக்ஸ் ஒன்றில் மணமக்களுக்கு மேலே அந்தக் கொலைகாரன் கைகூப்பிச் சிரிக்கிறான். கீழே 'ஏழைகளின் அண்ணன்' என்று நான் வைத்த தலைப்பு. நீ செத்து இரண்டு வருஷமாகிறது. நம் கைவேலைக்கு மட்டும் ஒரு குறைச்சலும் இல்லை.

உன் அப்பா பேங்க் மேனேஜர், என் அப்பா மில் ஆபீசர். போலீஸ் லத்தியை நாம் சினிமாவில்தான் பார்த்திருந்தோம். உன் அறைச் சுவரில் அமெரிக்கக் கொள்ளைக்காரன் ஒருவனின் படம் தொங்கும். துப்பாக்கி எடுத்தவனெல்லாம் நமக்குப் போராளி. வாரப் பத்திரிகையில் வேலை கிடைத்ததுமே இவனைப் பேட்டி எடுக்கப் பல்லடத்துக்கு ஓடினோம். தன்மேல் சாட்சி சொல்லக் கிளம்பிய ஒருவரை வெட்டிவிட்டு ஜாமீனில் வந்திருந்தான் அவன். வாசலுக்கே வந்து, "வாங்க கண்ணு, வெயில்ல வந்திருக்கீங்க, மொதல்ல மோர் குடிங்க" என்றான்.

திரும்பும்போது நீ கேட்டாய்: "இத்தன மரியாத தெரிஞ்சவன் சும்மா வெட்டியிருப்பானா மாப்ள?" அதையே நான் முதல் வரியாக எழுதித் தொலைத்தேன். செத்தவரை 'போலீஸின் கைக்கூலி ஒருவன்' என்றேன். பெயர்கூடப் போடவில்லை.

இதழ் வந்த வாரம் அவருடைய மனைவி ஆபீசுக்கு வந்தார். ஏசவில்லை. "ஏனுங்க, கொஞ்சம் வந்துட்டுப் போங்கன்னு மரியாதையாத்தானுங்க எங்கூட்டுக்காரரயும் கூப்புட்டான். நீங்க அவரு பேரக்கூடப் போடலீங்களே" என்றார்.

"பேரப் போட்டு, தப்புன்னு எழுதுடா" என்று அன்றே சொன்னாய். இதழ் மொத்தமும் விற்றுவிட்டது, இரண்டாம் பாகம் கேட்டார்கள். அதைத்தான் நான் எழுதினேன். நீ கேமராவைத் தூக்கிக்கொண்டு கொடுமுடிக்குப் போய்விட்டாய், கல்யாணப் போட்டோ எடுக்க. எனக்கு உன்மேல் கோபம்தான் வந்தது. வெட்கமாக இருந்ததால் வந்த கோபம்.

கடைசியாக ஈரோட்டு ஆஸ்பத்திரியில், பேச மூச்சில்லாமல், "போட்டியாடா?" என்று கேட்டாய். எதைக் கேட்கிறாய் என்று எனக்குத் தெரியும். "போட்டுட்டேன்டா" என்றேன். நீ கண்ணை மூடிக்கொண்டாய்.

சென்னியப்பன். தறி மெக்கானிக். கண்ணால் பார்த்ததைக் கோர்ட்டில் சொல்லக் கிளம்பியவர். இந்த மூன்று வரியையும் இன்னும் நான்தான் வைத்திருக்கிறேன். உன்னிடம் சொன்னது பொய்.